கோட்டைக்குச் செல்லும் ஊர்ச்சாலை

(சிங்கப்பெருமாள் கோவிலில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



விதை, உரம், குடிநீர், வடிகால் ஆகியவற்றைப் பற்றியே நான் வழக்கமாக உங்களிடம் பேசுவதுண்டு. இன்று சைக்கிளைப் பற்றியும் அது செல்லும் ஊர்ச்சாலையைப் பற்றியும் பேச விரும்புகிறேன். இஃது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு, பஞ்சாயத்துக் கூட்டத்திற்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். சற்றுப் பொறுமையுடன் கேட்டால் இது உங்கள் வேலையே என்பது விளங்கும்.

ஜீப்பில் செல்லும் அலுவலர் கண்ணுக்குத் தென்படாத பள்ளம், சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவிக்குத் தெரியும். எந்த வளைவில் லாரி வேகமாக வரும், எந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்துள்ளது, எங்கே நிழல் முடிகிறது என்பதை எல்லாம் அவள் அறிவாள். ஆதலின் நம் வட்டாரச் சாலைகளை அவள் பார்ப்பது போல் நானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எண்ணிச் சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இவ்வூரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை வரை செல்வது என் நோக்கம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தூரம். சைக்கிளில் அவசரமின்றிச் செல்பவர் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் கடப்பார். ஆகவே இடையிடையே தங்கிப் பார்த்தாலும் நண்பகலுக்குள் போய்ச் சேரலாம்.

புறப்பட்ட இடமே பழம்பெருமை வாய்ந்தது. பாடலாத்ரி நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருப்பது பல்லவர் காலத்தில் சிறு குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில். இங்கே பெருமாளை வலம் வர வேண்டுமானால் குன்றையே வலம் வர வேண்டும். இவ்வூரை அடுத்த திருக்கச்சூரோ சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற தலம். பசித்திருந்த சுந்தரருக்காக இறைவனே வீடுவீடாகச் சென்று சோறு இரந்து வந்தான் என்று பெரியபுராணம் கூறும் தலமும் அதுவே. வழிநடந்து வருபவனுக்கு உணவும் நீரும் அளிப்பது ஊரின் கடமை என்பதை நம் முன்னோர் அவ்வளவு உயர்வாக மதித்தனர்.

நெடுஞ்சாலையைத் தவிர்க்க இயலாத சில கிலோமீட்டர் தூரத்தை நான் அச்சத்துடனேயே கடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜி.எஸ்.டி. சாலை நாட்டின் பெரு வழி. அதன் வேகம் தொழிலுக்கும் வாணிகத்திற்கும் இன்றியமையாதது. ஆனால் அது சைக்கிளுக்கு உரிய இடமன்று. கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பைக் கண்டபோதுதான் மூச்சு இயல்பாக வந்தது.

அந்த ஏரியின் அருகேதான் செங்கற்பட்டுக் கோட்டை உள்ளது. விசயநகர வேந்தர் காலத்துக் கோட்டை அது. ஏரியும் சதுப்பு நிலமும் அதற்கு இயற்கை அரண்களாக அமைந்தன. 1751ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே ராபர்ட் கிளைவ் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை அதனை மீட்டுக்கொண்டது. 1780ஆம் ஆண்டில் பொள்ளிலூரில் ஐதர் அலியின் படைக்கு முன் பெய்லியின் படை அழிந்தபோது, மன்றோவின் படை பின்வாங்கி வந்து சேர்ந்த இடமும் செங்கற்பட்டே. நாள்தோறும் ரயிலிலும் பேருந்திலும் அவ்வழியே செல்லும் நம்மில் எத்தனை பேர் எஞ்சியுள்ள மதிலை ஏறிட்டுப் பார்க்கிறோம்?

செங்கற்பட்டைக் கடந்து திருக்கழுக்குன்றச் சாலையில் சிறிது தூரம் சென்றால் வல்லம் என்னும் சிற்றூர். அவ்வூர்க் குன்றில் மூன்று குடைவரைக் கோயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனுக்கு உட்பட்டிருந்த வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன் செய்வித்தது என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்கோயிலின் படியில் அமர்ந்து கீழேயுள்ள வயல்களை நான் நோக்கியபோது, டிராக்டர் ஒலியும் கொக்குகளின் குரலும் தவிர வேறு ஓசை இல்லை.

அங்கிருந்து சென்றபோது ஓரிடத்தில் சாலையின் பாதி அகலத்திற்கு நெல் பரப்பப்பட்டிருந்தது. அதனைக் காலால் துழாவிக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “தம்பி, வண்டிக்குப் பெட்ரோல் போடக் காசில்லையா?” என்று சிரித்தார். நானும் சிரித்து இறங்கினேன். நெல்லைச் சாலையில் உலர்த்துவது ஆபத்தன்றோ என்று கேட்டேன். “தெரியும் தம்பி. களம் இருந்த இடத்தில் இப்போது கட்டடம் இருக்கிறது. இரண்டு நாள் வெயில் காட்டாவிட்டால் நெல் முளைத்துவிடும். வேறு எங்கே கொண்டு போய்க் கொட்டுவேன்?” என்றார். நான் அலுவலர் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு நேராகப் பேசியிருக்க மாட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்றைய பேச்சின் பிற்பகுதியில் அதற்கு வருகிறேன்.

திருக்கழுக்குன்றத்து மலைமீது வேதகிரீசுவரர் கோயிலும், மலைச்சரிவில் ஒரே கல்லில் குடைந்த பல்லவர் காலத்து ஒருகல் மண்டபமும் உள்ளன. அம்மண்டபத்தின் சுவர்களில் ஒரு புதுமையைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வாணிகம் செய்த டச்சுக்காரர் சிலர் இங்கு வந்து தங்கள் பெயர்களைப் பொறித்து வைத்துள்ளனர். வேலை ஓய்ந்த நாட்களில் கடற்கரையிலிருந்து புறப்பட்டு, வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இடையே பயணம் செய்து, இம்மலையில் காற்று வாங்கிச் சென்றிருக்கின்றனர். ஆகவே இந்த வழியில் உல்லாசமாகப் பயணம் செய்வது இன்று நேற்று வந்த பழக்கமன்று. பெயரைப் பொறிக்கும் பழக்கத்தை மட்டும் நாம் அவர்களிடமிருந்து கற்க வேண்டா.

அவர்கள் வந்த வழியிலேயே நான் எதிர்த்திசையில் சென்று, வெயில் ஏறுமுன் சதுரங்கப்பட்டினத்தை அடைந்தேன். கடலை நோக்கி நிற்கும் செங்கற்கோட்டை அது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே சரக்கு அறைகளும், பூவேலையும் டச்சு எழுத்தும் செதுக்கிய கல்லறைகளும் உள்ளன. நம் நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித் துணியை வாங்கிக் கப்பலேற்றவே டச்சுக்காரர் இங்குத் தங்கினர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச 1754ஆம் ஆண்டில் கூடிய இடமும் இதுவே. அப்பேச்சு பயன் தரவில்லை. 1782 பிப்ரவரி 17ஆம் நாள் இவ்வூருக்கு அப்பால் கடலில் இரு நாட்டுக் கப்பற்படைகளும் போரிட்டன.

அன்பர்களே, ஒரே காலைப்பொழுதில், ஒரு லிட்டர் பெட்ரோலும் செலவிடாமல், பல்லவர் குடைவரை, விசயநகரக் கோட்டை, டச்சுக் கோட்டை ஆகிய மூன்றையும் நான் கண்டேன். கருங்குழி, ஆலம்பரை ஆகிய கோட்டைகளைச் சேர்த்தால் இன்னும் இரண்டு நாள் பயணத்திற்கு இடம் உண்டு. ஆலம்பரைக் கோட்டையை 1750ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். பத்தாண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர்.

அந்தப் பிரெஞ்சு நாட்டிலேயே இன்று என்ன நடைபெறுகிறது என்பதைச் சொல்கிறேன். நான் அந்நாட்டைக் கண்டதில்லை. படித்தறிந்ததையே சொல்கிறேன். அங்கே லுவார் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் பழைய மன்னர்களும் பிரபுக்களும் கட்டிய கோட்டை மாளிகைகள் பல உள்ளன. 1519ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சிசு மன்னன் கட்டத் தொடங்கிய ஷாம்போர், துணையாறு ஒன்றின் மீதே பாலம் போல் எழுப்பிய ஷெனோன்சோ ஆகியவை உலகறிந்தவை. அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவ்வாற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்திற்குச் சைக்கிள் வழி ஒன்றை அமைத்துள்ளனர்.

இவ்வழி முழுவதும் புதிதாகப் போட்ட சாலை என்று நினைக்க வேண்டா. அதன் பெரும் பகுதி, வண்டிகள் குறைவாகச் செல்லும் ஊர்ச்சாலைகளும் ஆற்றங்கரைப் பாதைகளுமே. இருந்த வழிகளை இணைத்து, பிரியும் இடந்தோறும் வழிகாட்டிப் பலகை வைத்தனர். வழியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள விடுதிகள், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கும் கருவியும் வைத்திருந்தால் அவற்றுக்குத் தனி அடையாளச் சின்னம் வழங்குகின்றனர். ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் மோட்டார் வண்டி ஒன்றரை மீட்டர் விலகியே செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்நாட்டில் ஏறக்குறைய 35,000 ஊர் மன்றங்கள் உள்ளன. அவற்றுள் மிகப்பல நம் பஞ்சாயத்துகளைப் போன்ற சிற்றூர்களே. காரில் வருபவர் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சைக்கிளில் வருபவரோ ஊர்தோறும் இறங்குவார், நீர் கேட்பார், ரொட்டியும் பழமும் வாங்குவார், களைத்தால் இரவு தங்குவார்.

கோட்டை அவர்களிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. வயல் அவர்களிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. இரண்டையும் இணைக்கும் அமைதியான சாலையை அவர்கள் செல்வமாகக் கருதிக் காக்கின்றனர். நாமோ அதனை இன்னும் அகலப்படுத்தப்படாத சாலை என்றே கருதுகிறோம். நான் வலியுறுத்த விரும்புவது இந்த வேறுபாட்டைத்தான்.

இதனைப் பிறரைக் குறை கூறுவதற்காக நான் சொல்லவில்லை. என் குறையையே முதலில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நான் பணியாற்றியபோது, இரு சிற்றூர்களை இணைக்கும் சாலை ஒன்று இருந்தது. 3.75 மீட்டர் அகலம். இருபுறமும் புளிய மரங்கள். ஆண்டுதோறும் புளி ஏலத்தில் பஞ்சாயத்துக்குச் சிறிது வருமானமும் உண்டு. அச்சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. ஊர் முன்னேறும் என்று நம்பி, மரங்களை வெட்டப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவன் நான். பெண்கள் சிலர் நிழல் போய்விடுமே என்றனர். நான் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

சாலை அகலமாயிற்று. நெடுஞ்சாலையில் செல்ல வேண்டிய கல் லாரிகள் குறுக்கு வழியென்று அதன் வழியே வரத் தொடங்கின. ஓராண்டுக்குள், பள்ளி விட்டுச் சைக்கிளில் வந்த மாணவி ஒருத்தியை லாரி உரசித் தள்ளியது. உயிர் பிழைத்தாள். கால் எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அவளைப் பார்க்கச் சென்றேன். அவளுடைய தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. “இனிமேல் சைக்கிளில் அனுப்ப மாட்டேன் ஐயா” என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவ்வூரில் வேறு சில வீடுகளிலும் பெண்களைச் சைக்கிளில் அனுப்புவதை நிறுத்தினர். அந்தப் பரிந்துரையை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு வருத்தமே.

ஒரு பெண் சைக்கிளை விட்டுவிடுவது சிறிய செய்தி அன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்துடன் சேர்த்துப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றனர். வயலுக்கும் கல்குவாரிக்கும் சந்தைக்கும் பிறர் துணையை எதிர்பாராமல் சென்று வந்தனர். நம் அரசும் 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய திட்டத்தை விரிவாக்கி, மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கி வந்துள்ளது. சைக்கிளை அரசு கொடுக்கலாம். அது அச்சமின்றி ஓடுவதற்கு ஏற்ற சாலையை ஊர்தான் காக்க வேண்டும்.

இனி, நாம் செய்யக்கூடியவை யாவை?

முதலாவது, உங்கள் ஊரில் எது யாருடைய சாலை என்பதை அறிந்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் வேறு. பஞ்சாயத்து ஒன்றியச் சாலைகளும் ஊர்ப் பஞ்சாயத்துச் சாலைகளும் வேறு. பின்னவற்றில் உங்கள் தீர்மானத்திற்கு மதிப்பு மிகுதி. பள்ளி, கோயில், பழஞ்சின்னம், சந்தை ஆகியவற்றை இணைக்கும் ஒரு சாலையைத் தேர்ந்து, இது சைக்கிளுக்கும் நடப்பவர்க்கும் முதன்மை தரும் சாலை என்று கிராம சபையில் தீர்மானியுங்கள்.

இரண்டாவது, கனரக வண்டிகள். அறுவடை இயந்திரமும் நெல் ஏற்றும் லாரியும் ஆம்புலன்சும் ஊருக்குள் வரவே வேண்டும். அவற்றை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. ஊருக்கு வேலையே இல்லாமல் குறுக்கு வழி தேடி வரும் லாரியே இடையூறு. பொதுமக்கள் பாதுகாப்பின் பொருட்டு ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைக் கட்டுப்படுத்த 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அரசுக்கும், அரசு அதிகாரம் அளித்த அலுவலர்க்கும் இடமளிக்கிறது. காரணங்களை எழுதி, கிராம சபைத் தீர்மானத்துடன் மாவட்ட நிர்வாகத்திற்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, நிழலும் நீரும். அகலப்படுத்தத்தான் வேண்டும் என்றால், ஒரு பக்க மரங்களையாவது காப்பாற்ற வழியுண்டா என்று முதலில் கேளுங்கள். புளி, வேம்பு, புங்கம் நடுங்கள். ஏரிக்கரைப் பாதையில் பனை நிற்கட்டும். சாலையோரக் குடிநீர்க் குழாயில் நீர் வருகிறதா என்று பாருங்கள். ஒரு திண்ணையும், டியூப்புக்குக் காற்றடிக்க ஒரு பம்பும் உள்ள டீக்கடை இருந்தால் அதுவே வழிப்போக்கர்க்கு விடுதி. முன்னறிவிப்பில்லாத வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு இடுங்கள். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை அந்த வாரமே மூடச் செய்யுங்கள்.

நான்காவது, உலர்களம். வல்லத்தைத் தாண்டி நான் சந்தித்த முதியவரின் கேள்விக்கு இதுவே விடை. உழவர்க்குக் களம் இல்லாத ஊரில், சாலையில் நெல் உலர்த்தாதே என்று சொல்வது நியாயமன்று. பொது நிலம் ஏதேனும் இருந்தால் அதில் களம் அமைக்கத் தீர்மானம் அனுப்புங்கள். அதனை முன்னிறுத்தி முயல வேண்டியது என் பொறுப்பு.

ஐந்தாவது, பழஞ்சின்னங்கள். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இது தடை என்று முகம் சுளிக்காமல், அவ்விடத்தைத் தூய்மையாக வைத்து, பெரிய சாலையில் பிரியும் இடத்தில் தமிழில் ஒரு வழிகாட்டிப் பலகை நடுங்கள். ஊர்ப் பள்ளி மாணவர் இருவர் அச்சின்னத்தின் வரலாற்றைச் சொல்லப் பழகினால், வருபவரும் மகிழ்வர், மாணவரும் தம் ஊரை அறிவர்.

இவற்றால் நாளையே வெளிநாட்டார் வந்து குவிவர் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். வேலைக்குச் செல்லும் தொழிலாளி, பால் கேனுடன் செல்லும் உழவர், பள்ளிக்குச் செல்லும் பெண் ஆகியோரே இச்சாலையின் முதல் பயணிகள். அவர்களுக்கு நன்றாக அமைந்த சாலை, தாம்பரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஞாயிறுதோறும் சைக்கிளில் வரும் இளைஞர்க்கும் தானே நன்றாக அமையும். அவர்கள் வாங்கும் இளநீரும் வேர்க்கடலையும் ஊருக்கு வரவாகும்.

இப்பகுதிக்கு ஊராட்சி புதிதன்று. இங்கிருந்து ஒரு நாள் சைக்கிள் பயணத் தொலைவில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. ஏரியையும் தோட்டத்தையும் காக்கத் தனி வாரியம் அமைத்த மரபில் வந்த நாம், ஒரு சாலையின் நிழலையும் அமைதியையும் காக்க ஒரு தீர்மானம் நிறைவேற்ற இயலாதா?

அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு முன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரின் எல்லை வரை ஒருமுறை சைக்கிளில் சென்று வாருங்கள். முடிந்தால் பள்ளி விடும் நேரத்தில், மாணவியர்க்குப் பின்னால் மெதுவாகச் செல்லுங்கள். எங்கெல்லாம் உங்களுக்கு அச்சம் தோன்றியதோ, அந்த இடங்களைக் குறித்து என் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலிலிருந்தே நம் வேலையைத் தொடங்குவோம்.